விடை மட்டும் எழுதிய தாள்

காபிஸ்,
14 மார்ச் 1997

அன்புள்ள ரவ்தாவுக்கு,

அந்த மொன்ட்ரியல் குளிரில் நீயும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஒரு பள்ளி நோட்டுக்கு இஸ்திரி போட்டேன். லுத்ஃபி பார்த்துவிட்டு, "என் சட்டை கசங்கிக் கிடக்கு, நோட்டு ஆபீசுக்குப் போகுதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என் ஒன்பதாம் வகுப்பு மாணவி குஃப்ரானுடையது. நேற்று அதைக் கசக்கி என் காலடியில் எறிந்துவிட்டுப் போனாள்.

கணக்குப் போடும்போது மனதில் ஓடுவதை எழுதிவைக்கும் நோட்டு. எங்கே முட்டிக்கொண்டேன், ஏன் அந்த வழியை விட்டேன், அடுத்து என்ன செய்து பார்த்தேன் என்று பிள்ளைகள் தினமும் பத்து நிமிடம் எழுதுவார்கள். அக்டோபரில் "தெரியல மேடம்" என்று ஒரே வரி எழுதிய குஃப்ரான் டிசம்பரில் பக்கம் நிரப்பினாள். ஜனவரியில் தலைமையாசிரியர் மொன்சிஃப் வகுப்புக்குள் வந்து, "இது கணக்கு வகுப்பா, காதல் கடிதம் எழுதுற இடமா?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார். இனி எழுதவைக்க மாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. வீட்டில் எழுதிவரச் சொன்னேன்.

இப்போது கேள். பருவத் தேர்வில் ஒரு கணக்கு. இருபது லிட்டர் டின்னும் ஐந்து லிட்டர் டின்னுமாக நாற்பது டின்களில் முந்நூற்று எண்பது லிட்டர் ஆலிவ் எண்ணெய். பெரிய டின் எத்தனை? குஃப்ரான் பன்னிரண்டு என்று விடை மட்டும் எழுதியிருக்கிறாள். சரியான விடைதான். தாளைத் திருத்திய இன்னொரு ஆசிரியர் பூஜ்யம் போட்டு, பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதினாள் என்று புகாரும் கொடுத்துவிட்டார். நாளை ஒழுங்குக் குழு கூடுகிறது. பள்ளியை விட்டே அனுப்பலாம். "பன்னிரண்டு என்ன வானத்துலேர்ந்து விழுந்துச்சா?" என்கிறார் மொன்சிஃப். வழி எழுதவில்லை என்று மார்க்கைக் குறைத்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். திருடி என்கிறார்களே, ரவ்தா! பதினான்கு வயதுப் பெண்ணை!

எங்கிருந்து விழுந்தது என்று நோட்டில் இருக்கிறது. அங்கே இதே மாதிரி இன்னொரு கணக்கு: பதினைந்து வண்டி, முப்பத்தேழு சக்கரம். மூன்று சக்கர வண்டி எத்தனை, மற்றவை சைக்கிள். அவள் எழுதியிருக்கிறாள்: "சும்மா அஞ்சுன்னு வச்சேன். ரெண்டு சக்கரம் குறையுது. ஒரு சைக்கிள எடுத்துட்டு மூணு சக்கர வண்டி வச்சா ஒண்ணு கூடும். அப்போ ஏழு." நான் அப்படி ஒரு வழியைச் சொல்லித்தரவே இல்லை. அவளே கண்டுபிடித்தது. பக்கத்தில் "அருமை" என்று எழுதி, பிப்ரவரி 19 என்று தேதியும் போட்டிருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டு ஒரு மாதம் கழித்து.

லுத்ஃபி சொல்வது இது: "அவ வேற பள்ளிக்கூடத்துல சேர்ந்துக்குவா. ஒன் வேலை போச்சுன்னா திரும்ப யாரு குடுப்பா? வாயத் திறக்காத, விதாத்." நேற்று மாலை வரை நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். மொன்சிஃபை வைதுகொண்டே இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

பிறகு குஃப்ரானைக் கூப்பிட்டு, ஏன் வழியை எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதினேன் மேடம். அழிச்சிட்டேன். நோட்டுல எழுதுற மாதிரி தாள்ல எழுதாதீங்க, எழுதினா அழிச்சிருங்க, சாருக்குத் தெரிஞ்சிரும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். அப்புறம்தான் நோட்டை எறிந்தாள்.

சொன்னேன். என் கையெழுத்துக்குப் பயந்து சொன்னேன். யோசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, யோசித்த தடத்தை அழிக்கவும் நானே சொல்லியிருக்கிறேன். மொன்சிஃப்கூட அதைச் செய்யவில்லை.

நாளை எட்டு மணிக்குக் குழுவின் முன் அந்தப் பக்கத்தைத் தேதியோடு திறந்துவைத்து, அழிக்கச் சொன்னது நான்தான் என்று சொல்லப்போகிறேன். லுத்ஃபிக்குத் தெரியாது. குஃப்ரானிடமும் சொல்லவில்லை. இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். பதில் எழுதும்போது என் வேலையைப் பற்றிக் கேட்காதே. அந்தப் பெண் பள்ளிக்குப் போகிறாளா என்று மட்டும் கேள்.

அல்லாஹ் உன் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர்களைத் தரட்டும்.

உன்
விதாத்