அரசியின் பழைய நம்பர்

ஊரூர் குப்பம்
11.2.2024

மகாராணி அன்புக்கரசிக்கு,

மீன் வறுக்கும் உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் சுகம், வாணலி சுகம். நீ இல்லாமல் இரண்டும் கொஞ்சம் தீய்கிறது, அவ்வளவுதான்.

மஸ்கட்டில் இறங்கினாயா, ஏரோப்ளேனிலேயே தூங்கிவிட்டாயா, ஒன்றும் தெரியவில்லை. சரக்கு எடுத்துக்கொண்டு போய்வருகிற ஷாஹுல் பாய், "ஒரு லெட்டர் எழுதிக் குடு நைனா, நானே கைல குடுத்துட்டு வர்றேன்" என்றார். என் நாலாங்கிளாஸ் படிப்பு இத்தனை வருஷம் கழித்து வேலைக்குப் போகிறது.

பிள்ளைக்காக நீ விட்டுப்போன பழைய போன் பத்திரம். "மதி கூப்ட்டா இந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவான், ஆஃப் பண்ணிடாதீங்க" என்று ஏர்போர்ட் வாசலில் சொன்னாய் அல்லவா? இடுப்பிலேயே கட்டி வைத்திருக்கிறேன். நேற்று ஒரு தரம் அடித்தது. எடுத்து "அலோ" என்றேன், வைத்துவிட்டார்கள். யாரோ நம்பர் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் தணிகாசலம்


மஸ்கட்
3.3.2024

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

அரசி எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுங்கள். எண்ணெய்ப் புகையில் நிற்கிறீர்கள், இழுப்பு வந்தால் மருந்தை உறிஞ்சாமல் இருக்காதீர்கள்.

இங்கே சிம் வாங்குவது லேசு இல்லை. முதலில் இந்த ஊர் அடையாளக் கார்டு வேண்டுமாம். கார்டுக்கு ரத்தம் கொடுத்தேன், பத்து விரலையும் வைத்தேன். கடையில் இருக்கும் மலையாளத்துப் பையன், "கார்டு வந்திட்டு வா சேச்சி" என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டான். சமைக்கிற வீட்டில் வைஃபை இருக்கிறது. அதன் பாஸ்வேர்டைக் கேட்க வாய் வரவில்லை.

கூப்பிட்டது வேறு யாரும் இல்லை. மதிதான். உங்கள் குரலைக் கேட்டதும் வைத்திருக்கிறான்.

பூ முடிக்கப் போன இடத்தில், பெண் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, "இவன ரெண்டு கம்பெனில தொரத்தி வுட்டானுங்க, நீங்களாவது வெச்சிக்கங்க" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் பெண் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். உங்களுக்கு அது தமாஷ். பிள்ளை வீட்டை விட்டே போனான். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல்தான் நானும் இங்கே வந்தேன்.

லாரியில் ஊர் ஊராகப் போகிறவன். எங்கேயோ யாரிடமோ போன் வாங்கிப் பேசுகிறான், நாம் திருப்பிக் கூப்பிட்டால் அவன் இருப்பதில்லை. மனசில் வைத்திருப்பது என் பழைய நம்பர் ஒன்றுதான். இனிமேல் அடித்தால் வாயைத் திறக்காதீர்கள். பஜ்ஜிக் கடை முத்துலட்சுமி அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். என் புது நம்பர் வந்ததும் பாயிடம் அனுப்புகிறேன். அக்கா அதைச் சொல்லட்டும்.

அன்புக்கரசி


ஊரூர் குப்பம்
22.4.2024

மகாராணிக்கு,

நம்பர் வந்தது. மறக்காமல் இருக்க மீன் வண்டியின் விலைப் பலகையில் வஞ்சிரத்துக்குக் கீழே கரியால் எழுதி வைத்தேன். ஒரு ஆள் அதை மீன் விலை என்று நினைத்துப் போயே போய்விட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். போன் அடித்தது. நீ சொன்னபடி எடுத்துக் காதில் வைத்தேன், வாயைத் திறக்கவில்லை. நம் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

"அம்மா" என்றான்.

முத்துலட்சுமி பக்கத்து வண்டியில்தான் இருந்தாள். கொடுத்திருக்கலாம். கை போனை விடவில்லை.

"கோவமாம்மா? அன்னிக்குப் பண்ணப்ப அவரு எடுத்தாரு, அதான் வெச்சிட்டேன். இப்ப ஓசூர்ல கீறேன். கால்ல அடிபட்டுச்சு, ஆறிடுச்சு. ஏதாச்சும் பேசும்மா" என்றான்.

குரல் கனத்துப்போயிருக்கிறது அரசி. பெரிய ஆள் மாதிரி பேசுகிறான்.

வாணலியில் மீன் கருகியது. வாசனை வந்துதான் முத்துலட்சுமி திரும்பினாள். என்னைப் பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்கினாள். "மதி, நான் பஜ்ஜிக் கடை அக்காடா. உங்கம்மா மஸ்கட்டு போய்க்கீறாங்க. நம்பர் சொல்றேன், எழுதிக்கோ" என்று பலகையைப் பார்த்துப் படித்தாள்.

"அப்ப இவ்ளோ நேரம் யாரு?" என்று கேட்டிருக்கிறான். அவள் கண்ணாலேயே என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்று கையாட்டினேன். "நான்தான்டா" என்றாள்.

கூப்பிட்டானா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான் என்று கேள்.

தணிகாசலம்


மஸ்கட்
12.5.2024

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

போனிலேயே சொல்லலாம். பேசினால் என்னைச் சிரிக்க வைத்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

மதி கூப்பிட்டான். சமையல்கட்டில் டவர் கிடைக்காது. அடுப்பை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். ஓட்டலில் சாப்பிடுகிறானாம். கால் சரியாகிவிட்டது. நிறையப் பேசினான். கடைசியில், "முத்துலட்சுமி அக்காவுக்கு எப்பம்மா இழுப்பு வந்துச்சு?" என்றான்.

அக்காவுக்கு ஏதுடா இழுப்பு என்றேன்.

"அந்த இழுப்பு எனக்குத் தெரியாதாம்மா? தெரிஞ்சுதான் பேசினேன். மருந்து எடுத்துக்கிறாரா?" என்றான்.

அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசேன்டா என்றேன். "உன் நம்பர் கெடைச்சிச்சு, அது போதும்மா. பழைய நம்பருக்கு இனிமே பண்ண மாட்டேன்" என்றான்.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் என் புது நம்பருக்கும் கூப்பிடமாட்டானோ என்று பயம். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த சிம்முக்கு இனிமேல் ரீசார்ஜ் போடவேண்டாம்.

அன்புக்கரசி


ஊரூர் குப்பம்
2.6.2024

அரசிக்கு,

கோபம் எல்லாம் இல்லை. உனக்கு அவன் கிடைத்தானே, அது போதும்.

ரீசார்ஜ் கடை சேரன், "அக்கா நம்பர்தான் மாறிடுச்சே, இத்த வுட்டுடு நைனா. கொஞ்ச நாள்ல வேற யாருக்காச்சும் குடுத்துடுவாங்க" என்றான். அதனால்தான், நீ வேண்டாம் என்றும், ரீசார்ஜ் போடச் சொன்னேன். பழைய பழக்கத்தில் மதி கை தவறி அந்த நம்பரை அழுத்தினான் என்றால், வேறு யாரோ எடுத்து அவனிடம் "அலோ" சொல்லிவிடுவார்கள். நான் என்றால் சொல்லமாட்டேன்.

பலகையில் உன் நம்பர் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றித்தான் மீன் விலை எழுதுகிறேன்.

மருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவனிடம் சொல். இழுப்பு இப்போது குறைந்திருக்கிறது. சுத்தமாக நின்றுவிட்டால், போனை எடுத்தது நான்தான் என்று அவனுக்குத் தெரியாமல் போய்விடுமே என்றுதான் பார்க்கிறேன்.

தணிகாசலம்