மூண்டு செவ்வாயும் ஒரே பாடம்

செவ்வாய், இரவுச் செபத்துக்குப் பிறகு.

முப்பத்தொரு வருஷம் ஜப்பானில இங்கிலீஷ் படிப்பிச்சிட்டு வந்து, இப்ப முந்தல் கன்னியர் மடத்தில இருந்துகொண்டு, ஜப்பானில இருக்கிற ஆறு கிழவிகளுக்குக் கொம்பியூட்டரில படிப்பிக்கிறன். இண்டைக்கு யோஷிகோ, திருத்தச் சொல்லித் தன்ர கொப்பியைக் கமராவில காட்டினா. டொக்டரிட்டப் போனா எப்பிடிக் கதைக்கிறது எண்ட பாடம். போன செவ்வாயும் அதுதான். அதுக்கு முதல் செவ்வாயும் அதுதான். மூண்டையும் புதுசா, வடிவா எழுதியிருக்கிறா.

"ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" எண்டு கேட்டன்.

"சிஸ்டர் ஏதோ காரணத்தோடதான் செய்யிறா எண்டு நினைச்சம்" எண்டு தலையைக் குனிஞ்சா.

ஓம், காரணம் இருக்கு எண்டு பொய் சொல்லிப்போட்டன். பாடத்தில நான் சொன்ன ஒரே பகிடிக்கு மூண்டு தரமும் சிரிச்சிருக்குதுகள். அவையின்ர மரியாதைதான் எனக்குப் பயமாக் கிடக்கு. மடத்திலயும் இப்பிடித்தான் என்னைப் பாத்துக்கொண்டு பேசாம இருக்கினமோ? சாப்பிடேக்க சிஸ்டர் மெற்றில்டா ஒண்டுமே கதைக்கேல்லை.

'டொக்டர் பாடம் முடிஞ்சுது' எண்டு ஒரு கடதாசித் துண்டில பெரிசா எழுதி, அலுமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டப் போனன். அங்க ஏற்கெனவே ஒரு துண்டு ஒட்டிக் கிடக்கு. அதே வசனம். என்ர கையெழுத்து.

இதை எழுதுற இந்த டயறியில போன செவ்வாய்ப் பக்கத்தை நான் இன்னும் புரட்டிப் பாக்கேல்லை. பாக்கவும் மாட்டன்.