இரண்டாம் தொட்டியின் கிழட்டுக் கசடு

மார்ச் 4

தம்பிக்கு,

இரண்டாம் தொட்டியின் கசட்டில் பாதியை வாராவாரம் வெளியேற்றுகிறாய். நீ செய்யும் தவறு அதுதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ இப்போது பார்க்கும் காகித ஆலைக் கழிவுநீர்த் தொட்டிகளில் இருபத்தாறு வருஷம் நின்றவன் நான். கசடு வெறும் சேறு இல்லை, அத்தனையும் கிருமிகள். மரச்சாற்றோடு வந்து ஹார்மோனைக் குலைக்கும் பொருட்களைத் தின்பவை மெல்லத்தான் வளரும். ஒரு மாதத்துக்கு மேல் கிழடான கசட்டில்தான் தங்கும். இளம் கசடு மற்ற அழுக்கைத் தின்றுவிட்டு இதை விட்டுவிடும். உன் அறிக்கை சுத்தம் என்றே சொல்லும், இதைத்தான் யாரும் சோதிப்பதில்லையே.

நேற்று ஆலைக்குக் கீழே வலை போட்டேன். பன்னிரண்டு பெண் கொசுமீன்களில் ஒன்பதுக்கு வயிற்றின் அடித்துடுப்பு ஆண் மீனுடையதுபோல் நீண்டிருக்கிறது, ஹார்மோன் குலைந்த அடையாளம். நம் தங்கை வீட்டுக் குழாய்க்கும் அதே ஆறுதான். "ஒரு அண்ணன் கொட்டுறான், ஒரு அண்ணன் லெட்டர் எழுதுறான், குடிக்கிறது மட்டும் நானா?" என்கிறாள்.

அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? உங்கள் கடிதம் கிடைத்தது. மேலாளரிடம் மெல்லப் பேச்செடுத்தேன். "ரிட்டயர் ஆகியும் உங்க அண்ணன் தொட்டிய விட்டு இறங்கலையாப்பா?" என்று சிரித்தார். எண்கள் எல்லாம் வரம்புக்குள் இருக்கின்றன. மீன் விஷயம் வெளியே போனால், அறிக்கையில் கையெழுத்துப் போட்ட என்னைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

கோபப்படாதீர்கள். தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயர் அறைக் கதவின் உட்புறம் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. "கசடு கருத்தால் வாரம் ஒருமுறை பாதியை இறக்கு." உங்கள் கையெழுத்து. நீங்கள் போனதிலிருந்து அதை ஒரு வாரமும் நான் மீறியதில்லை.

கொஞ்சம் பொறுங்கள் அண்ணா.

உங்கள் தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

அட்டை என்னுடையதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதினேன். பிறகு நானாகப் படித்துத் தவறென்று தெரிந்து, இறக்குவதைக் குறைத்தேன். அட்டையைக் கிழிக்கவில்லை. ஒருவனாவது வந்து "ஏன் இறக்கல?" என்று கேட்கட்டும் என்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்காக இதை விட்டுவிட முடியாது. மீன்களை இன்று மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வு அலுவலரிடம் கொடுத்துவிட்டேன். வாராவாரம் இறக்குவதை நீயே எழுதிய உன் கடிதத்தையும் கொடுத்தேன்.

நீ இன்றே கசடு இறக்குவதை நிறுத்த வேண்டும். காற்றைக் குறைக்கக் கூடாது. நாற்பது நாளாவது அது கிழடாகட்டும், கருத்தாலும் பயப்படாதே. வெளியேறும் தண்ணீரை மேலாளர் ஹார்மோன் சோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை ஆலை கீழ்த் தெருக்களுக்கு லாரியில் தண்ணீர் தர வேண்டும். தங்கை குழாய்த் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். நான் உன்னைக் காட்டிக்கொடுத்ததற்காக அண்ணி உனக்குப் போன் பண்ணி அழுவாள். நீ எடுத்துப் பேச வேண்டும், அவள் மேல் தப்பில்லை.

இனி விசாரணை வரும், அதில் நான் உனக்கு எதிராகச் சொல்ல வேண்டும். எனக்கு எதிராகவும். அன்றைக்கு நீ என் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டாம்.

அண்ணன்