சந்தனம் பூசிய இஞ்சின்

பிப்ரவரி 4, செவ்வாய்
சயான் சிக்னலில் வண்டி மறுபடியும் படுத்துவிட்டது. பின்னால் ஹாரன் கச்சேரி. ஊர்வலத் தலைவர் மாதிரி கையாட்டிக்கொண்டே தள்ளினேன். மெக்கானிக் முகம்மது ஹனீப் பானட்டைத் திறந்து பார்த்து, உடனே மூடினார். "சொரிமுத்து பாய், இஞ்சின் கதம்." கதை முடிந்ததாம்.

இதே மாடலில் கழற்றிய இஞ்சின் ஒன்று இருக்கிறதாம். கூலியோடு ஐம்பதாயிரம். "வண்டிய வித்தாக்கூட அம்புட்டு வராதே" என்றாள் என் மனைவி முப்பிடாதி. வாஸ்தவம்தான். ஆனால் தாணேயில் மகள் மாரிசெல்விக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. என் வண்டியில்தான் கூட்டிவருவேன் என்று சம்பந்தி முன்னால் நெஞ்சைத் தட்டியிருக்கிறேனே!

பிப்ரவரி 6
மாற்றச் சொல்லிவிட்டேன். சிரிப்பாக வருகிறது. பயத்திலா?

பிப்ரவரி 14, வெள்ளி
இஞ்சின் ஏறிவிட்டது! முப்பிடாதிக்குப் பூ வாங்கிய கையோடு அதற்கும் ஒரு முழம். சந்தனத்தை அப்பு அப்பென்று அப்பி, குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஸ்டார்ட் செய்தேன். சத்தமே இல்லை. ஓடுகிற இஞ்சினுக்கு மறுபடி சாவி திருகினேன். ஹனீப் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் நெல்லையப்பனிடம் பெருமையடிக்கப் போனேன். "என்னவே, இஞ்சின மாத்துனா நம்பரும் மாறும்லா? மொதல்ல ஆர்.டி.ஓ.வுல காட்டி ஆர்.சி.யில ஏத்தும். பொறவு பாலிசில. அதுக்குள்ள எங்கயாவது முட்டுனீரு, கம்பெனிக்காரன் ஒத்தப் பைசா தரமாட்டான்."

பிரீமியம் கூடுமா?

"அதே சைஸ் இஞ்சின்தானவே? பெருசா கூடாது."

வீட்டில் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "அந்த வண்டில எம்புள்ளய ஏத்த விடமாட்டேன். டாக்ஸி பிடிங்க." — முடிந்தது என் மானம்.

பிப்ரவரி 21
ஆர்.டி.ஓ. ஆபீசர் டார்ச் அடித்துத் தேடுகிறார். "நம்பர் கிதர் ஹை?" நம்பர் என் பக்திக்கு அடியில் இருக்கிறது. இஞ்சின் சூட்டில் சந்தனம் அடையாக வெந்துவிட்டது! சுரண்டினேன். நகம்தான் போயிற்று. "மந்திர் ஹை க்யா? சாஃப் கர்கே லாவோ." இதென்ன கோயிலா, சுத்தம் செய்து கொண்டுவா என்கிறார். மார்ச்சில்தான் அடுத்த தேதி. எனக்கு ஏன் இந்தப் பக்தி?

பிப்ரவரி 22
வெந்நீரும் பழைய டூத்பிரஷும் போட்டுத் தேய்த்து நம்பரைக் கண்டுபிடித்தேன். பிரஷ் பழசில்லையாம். அவளுடையதாம்.

மார்ச் 3
ஆபீசர் நம்பரைப் படித்தார். எனக்குப் பத்தாவது ரிசல்ட் பார்த்த மாதிரி இருந்தது. அதைவிட நல்ல ரிசல்ட்.

மார்ச் 8
ஆர்.சி.யில் ஏறி, இன்று பாலிசியிலும் ஏறிவிட்டது. முப்பிடாதி நம்பாமல் நெல்லையப்பனுக்கே போன் போட்டாள். "அண்ணாச்சி, இவங்க ஆடுத ஆட்டத்தப் பாத்தா சந்தேகமா இருக்கு. நெசமாவே ஏறிட்டா?"

மார்ச் 9, ஞாயிறு
வளைகாப்பு நல்லபடி முடிந்தது. மாரிசெல்வி பின் சீட்டில் அம்மா தோளில் சாய்ந்தவள் விக்ரோலி வருமுன்னே தூங்கிவிட்டாள். வளையல் மட்டும் சன்னமாகக் குலுங்கிக்கொண்டு வந்தது. தாராவியில் எங்கள் சந்து முனையில் பிரேக்கில் கால் வைத்தேன்.

பின்னாலிருந்து முப்பிடாதி மெதுவாகச் சொன்னாள்: "நிறுத்தாதிய. புள்ள தூங்குறா. இன்னொரு சுத்து போயிட்டு வருவோம்."

மாட்டுங்கா, செம்பூர் என்று சுற்றினேன். பெட்ரோலைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.