மூன்று முறை மாற்றிய சைலன்சர்

ஜூன் 4, செவ்வாய்

அப்பாவின் கார் மூன்று நாளாகப் பட்டறையில் நிற்கிறது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, அப்பாவைவிட ஆறு வயது மூத்தது. சைலன்சரில் ஓட்டையாம். என்ஜினிலிருந்து பின்முனை வரை எல்லாக் குழாயையும் மெக்கானிக் மாமா புதிதாகப் போடப் போகிறார். (மாமா என்பது வாய்ப்பழக்கம். உறவு கிடையாது.)

பள்ளி விட்டு வரும்போது எட்டிப் பார்த்தேன். கழற்றிய சைலன்சர் தரையில் கிடந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

“ஓட்டை எங்க மாமா?”

“ஸ்கூல்ல டீச்சரையும் இப்படித்தான் குடைவியா பாப்பா?”

இது பதில் இல்லை.

ஜூன் 8, சனி

கார் வந்துவிட்டது. முன்பு யாரோ வாய்க்குள் பாடுவதுபோல் இருந்த சத்தம் இப்போது தொண்டையைக் கனைக்கிறது. அப்பா தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார். “என்னது, சத்தமே எழும்பலையே.” எதிர்வீட்டு நாய் அதற்குள் வாசலைவிட்டே ஓடியிருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தில் படித்தேன். சிறிய என்ஜினுக்குக் குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் புகை வெளியேறும் வேகம் குறையுமாம், இழுவையும் குறையுமாம். முப்பது வருடமாக இதே வேலை பார்ப்பவருக்கு இது தெரியாதா? தெரிந்தும் அடுத்த வாரம் இன்னும் அகலமான குழாய் போடுகிறேன் என்கிறாரே, ஏன்?

அப்பாவின் காரை அவர் கெடுக்கிறார் என்று நினைக்கிறேன். நினைப்பதை எழுதி வைப்பதில் தவறில்லை.

ஜூன் 15, சனி

இரண்டாவது முறை. நடுவில் சத்தத்தை அடக்கும் பெட்டியையே எடுத்துவிட்டார்கள். போன வாரமே அறிவியல் டீச்சரிடம் ஒலி அளக்கும் கருவி இரவல் வாங்கி வந்திருந்தேன். அப்போது 82 டெசிபல். இன்று 91. அப்பாவிடம் காட்டினேன்.

“இன்னும் அடைச்ச மாதிரியே இருக்கும்மா. மீட்டரா கியர் போடப் போகுது?”

இந்தக் காரில் என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள் நான் பிறப்பதற்கு முன்பே செத்துவிட்டது. சத்தத்தை வைத்துத்தான் அப்பா கியர் மாற்றுவார். அது சரி, ஆனால் 91 எப்படிப் போதாமல் போகும்? யாரோ அவர் மண்டையில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். யாரோ என்ன, மெக்கானிக் மாமாதான்!

சாப்பிட அம்மா நான்கு தடவை கூப்பிட்டாள். “நான் கூப்பிட்டா மட்டும் உங்கப்பாவுக்குக் காதே கேக்காது. கார்னு சொல்லிப் பாரு, பாம்புச் செவி.”

ஜூன் 19, புதன்

கேட்டதை அப்படியே எழுதுகிறேன். பட்டறையில் டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்தேன். (ஒளிந்திருந்தேன்.)

மெக்கானிக் மாமா: “வீட்ல சொல்லிட்டீங்களாண்ணே?”

அப்பா தலையாட்டினார், இல்லையென்று.

“சொல்லாம இதுக்கு மேல நான் கை வைக்க மாட்டேன்.”

“இந்த ஒரு தடவ மட்டும் பண்ணிடு தம்பி. அப்புறம் கேக்க மாட்டேன்.”

எதை வீட்டில் சொல்லவில்லை? காரை யாருக்காவது விற்கிறார்களா? பந்தயத்துக்கு ஓட்டுகிற ஆள் யாராவது சத்தம் கேட்டிருப்பாரோ? மாமா வேண்டாமென்று சொன்னது வெறும் நடிப்பு. முகத்துக்கு நேரே நிற்கிறவரிடம் யாராவது அப்படிக் கத்திப் பேசுவார்களா?

ஜூன் 22, சனி

மூன்றாவது முறை. 98.

மாடி வீட்டு அக்கா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, இப்போதுதான் தூங்க வைத்தேன் என்று அழாக்குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதி மெக்கானிக் மாமாவிடமே கொடுத்தேன். அப்பாவின் நம்பிக்கையை வைத்து அவர் செய்வது மோசடி, காரை உடனே பழையபடி ஆக்க வேண்டும், இல்லையென்றால் அம்மாவிடம் சொல்வேன்.

கையைத் துடைத்துக்கொண்டு முழுவதும் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“கையெழுத்து நல்லாருக்கு பாப்பா.”

அவ்வளவுதான். ஒரு துளி வெட்கம் இல்லை.

ஜூன் 23, ஞாயிறு



அப்பாவும் நானும் காரில் போனோம். பெரிய சாலை. பின்னால் சைரன் அலற ஆம்புலன்ஸ். எல்லா வண்டியும் ஒதுங்குது, நாங்க மட்டும் நடுவுல. நான் “அப்பா, அப்பா”ன்னு கத்துறேன் — அவர் ரோட்டையே பாத்துக்கிட்டு சிரிக்கிறார். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“என்னம்மா? இப்பத்தான் சத்தம் நல்லா இருக்குல்ல?”

கண்ணாடியில் சிவப்பு விளக்கைப் பார்த்த பிறகுதான் ஒடித்தார். அது எங்களை உரசுவதுபோல் போயிற்று. உள்ளே யார் இருந்தார்களோ.

வீடு வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 24, திங்கள்

காலையில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் கேட்டேன்: “அப்பா, காரை வித்துட்டீங்களா?”

கரண்டி நிற்கவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். நிற்கவில்லை. கையில் தட்டோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

நான் முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

“சரியாக் கேட்டு ஒரு வருஷமாச்சு,” என்றார். “மூணாவது கியர் எப்ப மாத்தணும்னே தெரியல. சைலன்சர்தான் அடைச்சிருக்குன்னு நெனச்சேன். அப்புறம்… சைலன்சர்தான்னு நெனச்சுக்கிட்டேன்.”

ஓட்டை என்று மெக்கானிக் மாமாவைச் சொல்லச் சொன்னதும் அவர்தானாம்.

அம்மா திட்டவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூன் 29, சனி

பட்டறைக்கு இரண்டு தடவை போய் வாசலோடு திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை அவரே கூப்பிட்டார்.

“ஏன் மாமா அன்னைக்கே சொல்லல? நான் அப்படியெல்லாம் எழுதினேனே.”

“அது உங்கப்பா வாயால சொல்ல வேண்டியது. நான் எப்படிச் சொல்றது? நானும் முதல் தடவையே முடியாதுன்னு சொல்லியிருக்கணும். அது என் தப்பு.”

கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். தரமாட்டாராம். “மோசடின்னு ரெண்டு எடத்துல எழுதியிருந்தே. ஒரு எடம் போதும்.”

மன்னிப்பு கேட்டேன். ஒரு ஸ்பேனரை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 3, புதன்

காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் அப்பா. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே உட்கார்ந்து அவர் விரலையே பார்த்தேன். ரொம்ப நேரம் அசையவில்லை.

ஜூலை 13, சனி

இரண்டு காதிலும் கருவி. மூன்று பேருமாகப் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் மாமா சாவியைத் திருப்பியதும் அப்பா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

“அணை, அணை! இதோடவா நான் தெருவுக்குள்ள வந்தேன்?”

“வந்தீங்க. ஹீரோ மாதிரி,” என்றாள் அம்மா. மாமா சிரித்த சிரிப்பில் டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

குழாயைக் குறுக்க ஒரு வாரம் ஆகும். நடந்தே திரும்பினோம். அம்மாவும் அப்பாவும் முன்னால், நான் பின்னால். அப்பா போட்டிருந்த கட்டம்போட்ட சட்டை சகிக்கவில்லை என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தவர் நின்று திரும்பினார்.

“ஏன், இந்தச் சட்டைக்கு என்ன?”