உதாரண வாக்கியத்தில் என் பெயர்

அன்பு மாப்ள ஷாகுலுக்கு,

"அன்பு" என்று எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. இப்போதும் முழு மனதோடு எழுதினேன் என்று நினைத்துவிடாதே. பாதிதான். மீதியை எழுதி முடிக்கும்போது பார்க்கலாம்.

உன் அடக்கத்துக்கு நான் வந்து சேரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த செய்தியை ராஜபாளையத்தில் இருக்கிற எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நாம் பேசிக்கொள்வதில்லை என்பது இரண்டு ஊருக்கும் தெரியும். காதில் விழுந்து, பஸ் பிடித்து நான் வந்தபோது, ஆட்கள் மையவாடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "இப்பத்தான் வாரீகளா?" என்றார். நீயாக இருந்தால் "பெட்டர் லேட் தன் நெவர்" என்றிருப்பாய். வராமலே போவதற்குப் பிந்தி வருவது மேல். இங்கிலீஷ்காரன் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அது, மாப்ள.

நாம் சேர்ந்து நடத்திய ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இலக்கணம் என் பங்கு, இந்த மாதிரி தொடர்கள் உன் பங்கு. நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். புத்தகத்து உதாரணம் கூடாது. நம் ஊர் ஆள், நம் ஊர்ச் சம்பவம், அதுவும் பேர் சொல்லி. பிறகு அதன் அர்த்தத்தை, வீட்டில் பேசுகிற தமிழில், வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். நிலக்கரி விளையும் நியூகாசிலுக்கே கரி சுமந்து போவது என்ற தொடருக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் மாமியார் வீட்டுக்குப் பால்கோவா வாங்கிப்போன நம் சைக்கிள் கடைக்காரரைப் பிடித்துப் போட்டாய். கொட்டுகிற மழையைப் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்பார்களே, அந்தப் பாடத்தன்று, "நாய்க்கு நம்ம ஊரு இருக்கு மச்சான், பேர்போன நாயி. மழைக்கு எங்கிட்டுப் போக?" என்றாய். சோழபுரத்துப் பிள்ளைகள்தான் அதிகம் சிரித்தார்கள். அவர்கள் ஊர்க் கிணறுகள் வற்றிக் கிடந்த வருஷம் அது.

அந்தச் சட்டம்தான் என்னையும் கடித்தது. பிக் ஃபிஷ் இன் எ ஸ்மால் பாண்ட். சின்னக் குட்டையில் பெரிய மீன். அன்றைக்கும் உனக்கு ஊர் ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. நான் ஓரத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். என் பேரைப் போட்டாய். பிள்ளைகள் எழுந்து நின்று கோரஸாகச் சொன்னார்கள்: "குட்டையில கெடக்க வரைக்கும்தான் பெரிய மீனு. கம்மாயில விட்டா அம்புட்டுத்தான்."

கல்லூரி வேலைக்கு நேர்காணல் நேர்காணலாகப் போய் வெறுங்கையோடு திரும்பியவன் நான். ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற்றிவிட்டவன் நீ. ஊரில் வேறு எவன் சொல்லியிருந்தாலும் துடைத்துப் போட்டிருப்பேன். "ஏலே, தமாசுக்குச் சொன்னேன்" என்றாய். மறுநாளும் தமாசு என்றாய். இனிமேல் இந்தப் படி ஏறாதே என்றேன். நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை மாடியில் தனியாகப் போர்டு மாட்டினாய்.

பிறகு தூது விட ஆரம்பித்தாய். அங்கிருந்து இங்கே வருகிறவர்களிடம் ஒரு தொடரைச் சொல்லி அனுப்புவாய். வாட்டர் அண்டர் தி பிரிட்ஜ் என்று ஒருவன் வந்து சொன்னான். பாலத்துக்கு அடியில் ஓடிய தண்ணீர், போனது போகட்டும். கோடரியைப் புதைத்துவிடு, சண்டையை முடித்துக்கொள் என்று இன்னொருவன். புதைக்கச் சொல்ல நீ யார்? வெட்டுப்பட்டவன் நானல்லவா? எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லி அனுப்பினேன். "தமிழ்ல கேக்கச் சொல்லு."

இரவல் மொழியில் மன்னிப்புக் கேட்பது சுலபம், மாப்ள. நாக்கு நோகாது. தமிழில் கேட்க நெஞ்சு வேண்டும், அது உன்னிடம் இல்லை என்று முடிவுகட்டினேன். என் வகுப்பிலிருந்து உன் உதாரணங்களையெல்லாம் தூக்கிவிட்டு ராமு, சோமு என்று போட்டேன். யாரும் சிரிப்பதில்லை. எதுவும் யார் மனதிலும் நிற்பதுமில்லை.

போன வாரம் உன் வீட்டுக்காரி, தங்கச்சி ஜமீலா, போன் செய்தாள். உனக்காக இத்தாவில் இருக்கிறாள், நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். "அண்ணே, பிள்ளைகளுக்கு இன்டர்வியூ வருது. அவிய நடத்துன பாடம் பாதியில நிக்குது. செத்த நேரம் வந்து முடிச்சுக் குடுங்க" என்றாள். வேறு ஆளா இல்லை என்று கேட்டேன். "அவிய வேற ஆளைச் சொன்னதே இல்லையே" என்றாள்.

சனிக்கிழமை உன் மாடி ஏறினேன். கீழே பால் சுண்டுகிற வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. இதை மோந்துகொண்டா பாடம் நடத்தினாய்? போர்டு முன்னால் நின்று என் பேரைச் சொன்னேன். ஒரே சிரிப்பு. "ஏட்டி, அவியதான்! நெசமாவே இருக்காவ!" என்று பின் பெஞ்சில் ஒரு குரல்.

வன்னியம்பட்டியிலிருந்து வருகிற பேச்சியம்மாள் எழுந்தாள். "சார், நாங்க உங்களைச் சும்மா கதைக்குச் சொல்லுதாகன்னு நெனச்சோம்."

"ஏன்?"

"எல்லா எக்ஸாம்பிள்லயும் நீங்கதான் சார் வாரீக."

நீ சொன்னபடியே ஒவ்வொன்றாக ஒப்பித்தார்கள். நீலநிலா தோன்றுவதுபோல, அதாவது அத்திபூத்தாற்போல நடப்பது எது? முருகேசன் சார் சிரிப்பது. உடைக்க முடியாத கொட்டை, அதாவது லேசில் மசியாத ஆள் யார்? முருகேசன் சார். கண்ணோடு கண் பார்ப்பது, அதாவது ஒத்துப்போவது? நானும் முருகேசன் சாரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவோம், டீக்கு எம்புட்டுச் சர்க்கரை என்பதைத் தவிர. நான் இல்லாத இடத்தில் என்னை இவ்வளவு நாள் உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறாய்.

"கடைசியா எது நடத்துனாரு?" என்றேன்.

"ஈட் யுவர் வேர்ட்ஸ், சார்." சொன்ன சொல்லைத் தானே தின்பது. பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு உதாரணத்தை ஒப்பித்தாள். முருகேசன் சாரை நான் குட்டை மீன் என்றேன், அந்தச் சொல்லை நானே தின்கிறேன். கேட்டதும் எனக்குக் கசப்புத்தான் வந்தது. இதுவும் இங்கிலீஷில்தானா?

பழக்கத்தில், "அர்த்தம்?" என்று கேட்டுவிட்டேன்.

வகுப்பு மொத்தமும் எழுந்தது. நீ பழக்கிய அதே ராகத்தில் சொன்னார்கள்: "தப்பு என் மேலதான். சொல்லியிருக்கக் கூடாது. சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கிடுதேன்."

இன்னொரு தடவை என்றேன். சத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்கள். நான் போர்டுப் பக்கம் திரும்பி, அழித்த இடத்தையே அழித்துக்கொண்டு நின்றேன்.

அரை மணி நேர பஸ் பயணம், மாப்ள. ஏன் வரவில்லை? இத்தனை வாய்களுக்குச் சொல்லிக்கொடுத்தாயே, எந்த வாயாவது ஒருநாள் என்னிடம் வந்து ஒப்பிக்கும் என்று காத்திருந்தாயா?

சனி, ஞாயிறு உன் வகுப்பை இனி நான் நடத்துவேன். என் வகுப்பில் ராமு சோமுவை நிறுத்திவிட்டேன். நேற்று பெட்டர் லேட் தன் நெவர் நடத்தினேன். உதாரணம்: ஷாகுல் சாரைப் பார்க்க முருகேசன் சார் பிந்தி வந்தார். பிள்ளைகள் அர்த்தத்துக்காக எழுந்து நின்றார்கள். நாளைக்குச் சொல்லுதேன், உட்காருங்க என்றேன்.

சொல்வேன். உன் பேரோடு, வீட்டுத் தமிழில், குரல் உடையாமல் சொல்லப் பழகிக்கொண்டு சொல்வேன்.

மேலே எழுதிய அன்பு இப்போது முக்காலுக்கு வந்திருக்கிறது. மீதிக் கால் பங்கை நானே வைத்துக்கொள்கிறேன், நீ நேரில் வராததற்கு.

ஜமீலாவின் அண்ணனும்
உன் மச்சானுமாகிய
முருகேசன்