நாகநாதன் மாமாவின் சைலன்சர்

ஜூலை 6, திங்கள்

காருக்குப் பதினைந்து வயது ஆகப்போகிறது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முதலில் புகைச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால்? "எடைக்குப் போட்டுட்டு பஸ்ல போம்மா" என்று அப்பா இட்லியைப் பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் போவதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நான் வேலை பார்க்கும் மயிலாடுதுறைக் கல்லூரி நூலகத்துக்கு, கும்பகோணத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்தே பஸ் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அறைக்குத் தாழ்ப்பாள் போடும் வழக்கம் கிடையாது. போட்டால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நான் படிக்கும் ஒரே அறைக்கு நாலு சக்கரம் இருக்கிறது. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 8, புதன்

தோல்வி. புகையில் நச்சுவாயு அரை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது; என் வண்டிக்கு இரண்டே கால். பெட்ரோல் பங்க்கில் சோதனை செய்த பெண் ஒரு எட்டு பின்னால் நகர்ந்து, "மேடம், இது ரேஸ் வண்டிங்களா?" என்றார். பெட்ரோல் போட வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லாம் என் தம்பி பரணிதரன் செய்த வேலை. இரண்டு வருடத்துக்கு முன், தோஹாவுக்குக் கிளம்பும் முன், வண்டியின் புகைக்குழாயை முழுசாகக் கழற்றிவிட்டுப் பளபளவென்று ஒன்றை மாட்டினான். அன்றிலிருந்து வண்டி ஓடுவதில்லை, அறிவிக்கிறது. நான் எப்போது கிளம்பினேன், எங்கே நிறுத்தினேன் என்பது மூன்று ஊருக்குத் தெரியும். போன வாரம் காய்கறிக் கடைக்காரர், "நேத்து தாராசுரத்துல ரொம்ப நேரம் இருந்தீங்க போல" என்றார். கோயில் மதிலோரம் நிறுத்தி ஒரு நாவலை முடித்தேன். நல்லவேளை, பெயரைக் கேட்கவில்லை.

ஜூலை 9, வியாழன்

மெக்கானிக் அஸார் காருக்கு அடியில் படுத்தபடியே பேசினார். "அக்கா, புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டரே இதுல இல்ல. வெறும் குழாய். பழசுல எல்லாம் சேர்ந்து இருந்திருக்கும். அது எங்க?"

புதிது வாங்கலாமா என்று கேட்டேன். "அதுக்கு வேற காரே பாத்துக்கலாம்க்கா."

பரணிக்கு போன் செய்தேன். "பழசா? நாகநாதன் மாமா கேட்டாரு, குடுத்துட்டேன்."

நாகநாதன் மாமா எங்கள் வயலைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். கார் இல்லாதவருக்குக் கார் சைலன்சர் எதற்கு?

ஜூலை 10, வெள்ளி

டீசல் இன்ஜினுக்கு! வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் இன்ஜினில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார். கேட்டால் தர மாட்டேன் என்கிறார்.

"பாப்பா, நடவு நட்டு பத்து நாள்தான் ஆவுது."

"சைலன்சர் இல்லாமலும் இன்ஜின் ஓடுமே மாமா."

"ஓடும். காதுக்கு ஆவாது. டாக்டர் சொல்லியிருக்காரு."

எந்த டாக்டர்? வரப்பில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்கிற மனிதர்.

அப்பாவும் கைவிட்டுவிட்டார். "ஒரு இரும்புக்காக நல்ல மனுஷன்கிட்ட மல்லுக்கட்டுவாங்களா?"

ஜூலை 12, ஞாயிறு

அப்பா பழைய இரும்புக் கடைக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே சத்தமாக.

ஜூலை 14, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு வயலுக்கு நடந்தே போனேன். காரில் போனால் மாமாவுக்குப் பாலத்திலேயே தெரிந்துவிடும்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போகிறவரை அது எனக்குத் தெரியவில்லை. தூங்கும் பூனையின் சத்தம். குழாயில் மட்டும் தண்ணீர் கொட்டுகிறது.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வாய்க்காலில் ஆளுக்கு ஒரு நாள் முறை. மாமாவுக்கு வெள்ளி. செவ்வாய், கடைமடையில் இருக்கும் கமலாம்பாள் அக்காவுடையது. இரண்டு வருடமாகத் தண்ணீர் வந்து சேரவில்லை என்று அவர் பொதுப்பணித்துறையைத் திட்டிக்கொண்டிருக்கிறார்!

ரகசியத்தைக் காப்பாற்ற ஒருவர் படும் பாடு எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் மாமா சொந்தக்காரர் போலவே தோன்றினார். பிறகு கார் ஞாபகம் வந்தது.

"இன்னிக்குச் செவ்வாய்தானே மாமா?"

மாமா வானத்தைப் பார்த்தார். வரப்பைப் பார்த்தார். "இரு பாப்பா, ஸ்பேனர எடுத்தாரேன்."

கிழமை கேட்பது மிரட்டல் ஆகுமா? மதியம் வரை யோசித்தேன். ஆகும்.

ஜூலை 16, வியாழன்

அஸார் பழையதைக் காரில் மாட்டிவிட்டார். உள்ளே இரண்டு வருட டீசல் கரி. "அக்கா, இது கன்வெர்ட்டரா, கரி மூட்டையா? உசுரோட இருக்கான்னே சொல்ல முடியல. சோதனைக்கு முன்னாடி நாப்பது கிலோமீட்டர் நிறுத்தாம ஓட்டுங்க. சூட்டுல எரிஞ்சா சரி. இல்லன்னா அப்பா சொன்னதுதான்."

பரணியின் குழாயை நானே மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெறும் இன்ஜின் காதுக்கு ஆகாதே, டாக்டர் சொல்லியிருக்கிறாரே. மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வார்?

ஜூலை 20, திங்கள்

மயிலாடுதுறை வரை ஓட்டித் திரும்பி, இன்ஜினை அணைக்காமலே சோதனைக்குக் கொண்டுபோய் விட்டேன். அந்தப் பெண் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். கறுப்பாக ஒரு உருண்டை வெளியே வந்து விழுந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். "முடிஞ்சுதுங்களா, இன்னும் இருக்கா?" என்றார்.

தெரியவில்லையே!

0.41. அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். இந்த வருடம் படித்ததில் ஆகச் சிறந்தது.

ஜூலை 23, வியாழன்

ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்து, "ம், ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

"ஸ்டார்ட்லதான் சார் இருக்கு."

குனிந்து காது கொடுத்துக் கேட்டார். கையெழுத்துப் போட்டார். பதிவு இன்னும் ஐந்து வருடத்துக்கு! அப்பா பார்த்துவிட்டு, "அப்ப டயர மாத்திடு" என்றார். அவர் தோற்றதை ஒப்புக்கொள்ளும் விதம் அது.

ஜூலை 26, ஞாயிறு

கமலாம்பாள் அக்கா கடைத்தெருவில் பிடித்துக்கொண்டார். "வானதி, கடைசி வரப்பு வரைக்கும் தண்ணி வந்துடுச்சுடி! நான் போட்ட மனு வேல செய்யுது பாரேன். ஆமா, நாகநாதன் இன்ஜினுக்கு என்ன கேடு? வெள்ளிக்கிழமை போட்டான், எங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடுது. நல்லவேளை, வாரத்துக்கு ஒருநாளோட போச்சு."

மனுதான் அக்கா, என்றேன்.

ஜூலை 28, செவ்வாய்

மாலை வேலை முடிந்து வந்து, வீட்டு வாசலில் புங்கமரத்துக்குக் கீழே நிறுத்தினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். நாற்பது பக்கம் போனபோது போன் அடித்தது. அம்மா. "எங்கடி இருக்கே?"

இரண்டு வருடத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அம்மா போனும் கையுமாகத் தெரு முனையைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"இப்பதான்மா கும்பகோணம் தாண்டறேன். இன்னும் அரை மணி ஆகும்."